தகரக் கூரையும் உட்கூரையும்

தமிழில் தகரம் என்பது பழைய பொருளில் வெள்ளீயம். இன்று வீட்டின்மேல் போர்த்தப்படும் தகரத்தில் வெள்ளீயம் இல்லை. அது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. இப்பெயர் மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இந்தியில் அது 'டீன்'. வங்காளத்தில் அலைத்தகரம் எனப் பொருள்படும் 'டேவு டின்'. எல்லா மொழிகளும் பெயரிட்டது தகட்டுக்குத்தான். அத்தகட்டின் கீழ் ஒரு காலத்தில் இருந்த மற்றோர் அடுக்கு, பேச்சிலிருந்தும் பின்னர் வீட்டிலிருந்தும் நழுவிப்போயிற்று.

நெளிவிட்ட இரும்புத் தகட்டுக்கு 1829இல் காப்புரிமை பெற்றவர் லண்டன் துறைமுக நிறுவனத்தின் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பாமர். 1837இல் பிரான்சில் ஸ்தனிஸ்லாஸ் சொரேல் துத்தநாகப் பூச்சுக்கு உரிமை பெற்றபின் துருவின் தொல்லையும் குறைந்தது. எடை குறைவு, கப்பலில் அடுக்கி ஏற்றலாம், தீப்பற்றாது. காலனிய அரசு வேறென்ன கேட்கும்? குறை வெப்பம் ஒன்றே. புல் வேய்ந்த கூரையில் தாளிடையே அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கும். ஒரு மில்லிமீட்டர் தடிப்பும் இல்லாத தகடோ வெயிலில் விரைவாகச் சூடேறி, அச்சூட்டைக் கீழ்நோக்கிக் கதிராக வீசும். அறையின் காற்று அத்தனை சூடாக இல்லாதபோதும் தலை கொதிப்பது இதனால்தான்.

இக்குறையை ஒரு கட்டட மரபு எவ்வாறு எதிர்கொண்டது என்பதற்கு அசாம் நல்ல சான்று. 1897 ஜூன் 12 அன்று நேர்ந்த பெருநிலநடுக்கத்தில் ஷில்லாங்கின் கல் கட்டடங்கள் சரிந்தன. மரச்சட்டத்தில் இலேசாகக் கட்டியவை பெரும்பாலும் தாங்கின. அதன்பின் பரவலானதே 'அசாம் வகை' வீடு: மரச்சட்டம், இக்ரா நாணலில் மண்பூசிய சுவர், சரிந்த தகரக் கூரை. நூல்கள் இதை நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டுமானமாகவே பெரிதும் பேசுகின்றன. அது பாதிக் கதை. பிரம்மபுத்திரா சமவெளியின் புழுக்கத்தில் அவ்வீடு வாழத்தக்கதாக இருந்தமைக்குக் காரணம் தகட்டின் கீழே கட்டிய உட்கூரை. மூங்கில் பாயோ துணியோ பலகையோ, எதுவாயினும் அது தகட்டின் கதிரைத் தான் வாங்கிக்கொண்டு மனிதரை மறைத்தது. இடைவெளியில் தேங்கிய சூடான காற்று, முக்கோணச் சுவரின் உச்சியில் விட்ட திறப்புகள் வழியே வெளியேறியது. எலி குடியேறும், பாயை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்னும் தொல்லைகள் உண்டு. ஆயினும் கூரை என்பது அங்கே தகடும் பாயும் நடுவில் உள்ள வெற்றிடமும் சேர்ந்த ஒன்று.

நகரங்களின் குடிசைப் பகுதிகளுக்குத் தகடு மட்டுமே சென்றது. தாழ்ந்த சுவர்மேல் வைத்து, பறக்காதிருக்கக் கல்லும் பழைய டயரும் ஏற்றினால் வீடு முடிந்தது. மெல்லிய தகடு இரவில் விரைந்து ஆறிவிடும். கான்கிரீட் அவ்வாறு ஆறுவதில்லை. எனவே தகரத்தின் கொடுமை பெரிதும் பகலுக்குரியது. பகலில் வீட்டுக்குள் இருப்பவர் யார்? பீடி சுற்றுவோர், தையல் வேலை செய்வோர், கைக்குழந்தை உடையோர், முதியோர். வெப்ப அலை குறித்த விவாதங்கள் சாலையில் உழைப்பவரை முன்னிறுத்துவது சரியே. ஆனால் இவர்கள் அவற்றுள் எளிதில் காணப்படுவதில்லை.

அகமதாபாத்தில் 2013இல் தொடங்கிய வெப்பச் செயல்திட்டத்தைத் தொடர்ந்து ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் பணி நடைபெற்றது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கை வெளியிட்டது. பூச்சு உண்மையில் உதவுகிறது: புதிய துத்தநாகம் பளபளத்தாலும், வாங்கிய வெப்பத்தை வானுக்குத் திருப்பி வீசுவதில் மந்தமானது, வெள்ளைப்பூச்சு வெயிலைத் திருப்புவதோடு அதையும் நன்கு செய்யும். ஆனால் புழுதி படிந்தால் பயன் குறையும். மீண்டும் பூச வேண்டும். இம்முயற்சிகளும் கூரையின் மேற்பரப்பைத்தான் பார்க்கின்றன.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அவ்வாறே. 2001இல் 11.6 விழுக்காடாக இருந்த தகட்டுக்கூரை வீடுகள் 2011இல் 15.9 விழுக்காடாயின. துத்தநாகத் தகடு, பிற உலோகம், கல்நார் ஆகிய மூன்றும் அங்கே ஒரே வகை. உட்கூரை உண்டா என்னும் கேள்வி படிவத்தில் இல்லை. குவஹாத்தியில் மூங்கில் பாய் கட்டிய பழைய வீடும், அகமதாபாத்தில் வெறுந்தகடு போர்த்திய ஓரறைக் குடிசையும் அப்பட்டியலில் ஒரே நிரலில் நிற்கின்றன.