தூக்குக்குக் காத்திருந்த புத்தகம்

1959 நவம்பர் 15. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஹோல்கம் என்ற சிற்றூர். ஹெர்ப் கிளட்டர் என்ற வசதியான விவசாயி, அவர் மனைவி, பதின்வயது மகள், மகன் ஆகிய நால்வரும் விடிவதற்குள் வீட்டிலேயே கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். வீட்டில் பெட்டகம் இருக்கிறது, பத்தாயிரம் டாலர் இருக்கும் என்று சிறையில் யாரோ சொன்ன கதையை நம்பி வந்தவர்கள் பெர்ரி ஸ்மித்தும் ரிச்சர்ட் ஹிக்காக்கும். பெட்டகமே இல்லை. ஐம்பது டாலர்கூடத் தேறவில்லை.

நியூயார்க் டைம்ஸில் சின்னச் செய்தியாக வந்த இதைப் படித்துவிட்டு, சிறுவயதுத் தோழி ஹார்ப்பர் லீயைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ட்ரூமன் கபோட்டி ரயிலேறினார். ஆறு ஆண்டுகள் கழித்து வந்த ‘இன் கோல்ட் பிளட்’ அவரை அமெரிக்காவின் மிகப் பிரபலமான எழுத்தாளர் ஆக்கியது. அதற்கு இடைப்பட்ட காலத்தில் கபோட்டிக்கும் பெர்ரிக்கும் நடுவே என்ன இருந்தது? நட்பா, காதலா, சரக்குக் கொள்முதலா? இந்த ஒரு கேள்விக்காக நாற்பது ஆண்டுகள் கழித்து அடுத்தடுத்து இரண்டு படங்கள் வந்தன. பென்னட் மில்லரின் ‘கபோட்டி’ 2005இல், டக்ளஸ் மெக்ராத்தின் ‘இன்ஃபேமஸ்’ 2006இல். ஆட்கள் அவர்களே, சம்பவங்களும் பெரும்பாலும் அவையே. தீர்ப்பு மட்டும் வேறு.

எடுத்துக்கொண்ட மூலத்திலேயே வித்தியாசம் தொடங்கிவிடுகிறது. மில்லரின் படத்துக்கு அடிப்படை ஜெரால்ட் கிளார்க் எழுதிய வாழ்க்கை வரலாறு. ஒரே குரல், ஒரே பார்வை. மெக்ராத் எடுத்துக்கொண்டது ஜார்ஜ் பிளிம்ப்டன் தொகுத்த வாய்மொழி வரலாறு. நண்பர்களும் எதிரிகளும் ஆளுக்கொரு விதமாகக் கபோட்டியைப் பற்றிப் பேசும் புத்தகம் அது. அதனால்தான் ‘இன்ஃபேமஸ்’ படத்தில் அவ்வப்போது பாத்திரங்கள் கேமராவைப் பார்த்து உட்கார்ந்து சாட்சி சொல்கிறார்கள். முதல் பாதி கிட்டத்தட்ட நகைச்சுவைப் படம்: மன்ஹாட்டன் சீமாட்டிகளின் மதிய விருந்துகள், வம்பு, வண்ணவண்ண உடைகள். கான்சஸுக்குப் போனதும் கபோட்டியைப் பெண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ‘கபோட்டி’யிலோ சிரிப்புக்கு அதிக இடமில்லை. சாம்பல் நிற வானம், ஆளில்லாத வயல், நீண்ட மௌனம். கனடாவின் மனிடோபாவில் எடுக்கப்பட்ட கான்சஸ் அது. நிஜக் கான்சஸைவிடக் குளிராக இருக்குமோ என்று தோன்றும்.

உருவத்தில் ‘இன்ஃபேமஸ்’ படத்தின் டோபி ஜோன்ஸ்தான் கபோட்டி. குள்ளம், பெரிய தலை, குரல் எல்லாம் அச்சு அசல். ‘கபோட்டி’யில் நடித்த ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் ஓங்குதாங்கான ஆள். அவர் அந்தச் சின்ன உடம்புக்குள் தன்னை மடித்துத் திணித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனாலும் ஹாஃப்மனிடம் ஒன்று இருக்கிறது. பேசி முடித்த பிறகு அவர் கண்ணைப் பாருங்கள்: சொன்ன சொல் எதிராளியிடம் எவ்வளவு வேலை செய்தது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். ஜோன்ஸின் கபோட்டி பிறர் கவனத்துக்கு ஏங்குகிறான். ஹாஃப்மனின் கபோட்டி அதை முதலீடு செய்கிறான். ஹாஃப்மனுக்கு ஆஸ்கர் கிடைத்த பிறகு ‘இன்ஃபேமஸ்’ வெளியானதால் ஜோன்ஸை யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்பது வேறு வருத்தம்.

மில்லரின் படத்தில் முதல் சந்திப்பைக் கவனிக்க வேண்டும். காவலில் இருக்கும் பெர்ரி மெதுவாக ஆஸ்பிரின் கேட்கிறான். மோட்டார் சைக்கிள் விபத்தில் நொறுங்கிய கால்கள் அவனுக்கு. வலி போவதே இல்லை. கபோட்டி மாத்திரையைக் கொடுக்கிறார். பிறகு மரண தண்டனைக் கைதியாக பெர்ரி சாப்பிடாமல் கிடக்கும்போது, குழந்தைகளுக்கான உணவை வாங்கி வந்து கரண்டியால் ஊட்டிவிடுகிறார். பார்ப்பவர்களுக்குக் கண் கலங்கும். ஆனால் இதே ஆள் சிறை அதிகாரியிடம் ஒரு கவரைத் தள்ளி, நினைத்தபோதெல்லாம் வந்து போகும் உரிமையை வாங்கியதையும் நாம் பார்த்தாயிற்று. ஊட்டும் கை அன்பால் நீள்கிறதா, பொருள் கெட்டுவிடக் கூடாதே என்ற கவலையால் நீள்கிறதா என்று படம் சொல்வதில்லை. கபோட்டிக்கே தெரியாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

மேல்முறையீட்டுக்கு முதலில் வக்கீல் ஏற்பாடு செய்பவரும் அவர்தான். கொலை இரவில் நடந்ததை பெர்ரி இன்னும் சொல்லவில்லை, அவன் உயிரோடு இருக்க வேண்டும். சொல்லி முடித்ததும் நிலைமை தலைகீழாகிறது. இப்போது புத்தகத்துக்குத் தேவை ஒரு முடிவு. தூக்குக்குத் தள்ளிவைப்பு மேல் தள்ளிவைப்பாக வந்துகொண்டே இருக்கிறது. வக்கீல் கேட்டுத் தந்தி வந்தால் கிடைக்கவில்லை என்று பதில் போகிறது. இது மில்லரின் கற்பனை மட்டுமல்ல. 2004இல் வெளியான கபோட்டியின் கடிதத் தொகுப்பிலும் இந்த எரிச்சலைப் பார்க்கலாம். இருவரும் தூக்கிலிடப்பட்டது 1965 ஏப்ரல் 14. நியூயார்க்கர் இதழில் தொடராக அந்தப் புத்தகத்தின் முதல் பகுதி வந்தது அதே ஆண்டு செப்டம்பர் 25. இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துப் படித்தால் போதும்.

‘இன்ஃபேமஸ்’ இதே சிறையறையை வேறு மாதிரி நிரப்புகிறது. பெர்ரியாக வருவது டேனியல் கிரேக். அதே ஆண்டு ஜேம்ஸ் பாண்டாக நடித்தவர். குட்டையான, கால் ஊனமுற்ற பெர்ரிக்குப் பொருத்தமே இல்லாத உடற்கட்டு. ஆனால் மில்லரின் படத்தில் வரும் கிளிஃப்டன் காலின்ஸ் ஜூனியரின் மிருதுவான பெர்ரியிடம் இல்லாத பயம் கிரேக்கிடம் இருக்கிறது. புத்தகத்தின் தலைப்பு தெரிந்ததும் கபோட்டி மேல் பாய்கிறான். இந்த மனிதன் நான்கு பேரைக் கொன்றவன் என்பது அப்போது உறைக்கிறது. மில்லரின் பெர்ரி அதே விஷயத்தைக் கேட்டு முறைக்கிறான். அது புத்தக வாசிப்புக் கூட்டம் நடத்தியவர்கள் வைத்த தலைப்பு என்று கபோட்டி கூசாமல் பொய் சொல்கிறார். பாய்ச்சலைவிட இந்தப் பொய் எனக்கு அதிகம் நடுக்கம் தந்தது.

பிறகு முத்தம். இருவருக்கும் உடல்ரீதியான நெருக்கம் இருந்ததாக ‘இன்ஃபேமஸ்’ காட்டுகிறது. உறுதியான ஆதாரம் கிடையாது. ஆதாரமில்லாததைக் காட்டுவது சினிமாவின் உரிமை, அதோடு எனக்குச் சண்டையில்லை. என் மனக்குறை வேறு. காதல் என்று சொன்ன மறுகணம் கணக்கு முடிந்துபோகிறது. தூக்குக்குப் பிறகு உடைந்துபோகும் கபோட்டி காதலனை இழந்தவராகிவிடுகிறார். நாம் அவருக்காக அழத் தொடங்குகிறோம். அந்தச் சாவால் யாருக்கு லாபம் என்று கேட்க மறந்துவிடுகிறோம். மில்லர் அந்த வசதியை நமக்குத் தருவதில்லை. அவர்களைக் காப்பாற்ற என்னால் எதுவும் செய்திருக்க முடியாது என்று தொலைபேசியில் கபோட்டி அழும்போது, செய்ய உனக்கு மனமும் இல்லை என்கிற பொருளில் ஹார்ப்பர் லீ பதில் சொல்கிறார். கேத்தரின் கீனர் அதைக் குரலை உயர்த்தாமல் சொல்லும் விதத்துக்கே படத்தை மறுபடி பார்க்கலாம். ‘இன்ஃபேமஸ்’ படத்தில் லீயாக வரும் சாண்ட்ரா புல்லக்கும் குறைவில்லை, அவருக்கு இப்படியொரு இடம் அமையவில்லை, அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மெக்ராத் முந்திக்கொள்கிறார். கேட்டதை அப்படியே எழுதினேன், ஒவ்வொரு வார்த்தையும் நிஜம் என்று கபோட்டி ஊர் முழுக்கச் சொல்லிவந்தார். குறிப்பெடுக்காமல், டேப் ரெக்கார்டர் இல்லாமல், நினைவிலிருந்து எழுதினாராம். ‘கபோட்டி’ படத்தில் தன் ஞாபகசக்தி 94 சதவீதம் என்று பீற்றிக்கொள்கிறார், அந்தச் சோதனையை நடத்தியவரும் அவரே. மில்லர் அதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறார். மெக்ராத்தோ கபோட்டி தோழிகளிடம் சொல்லிச் சொல்லிக் கதையை மெருகேற்றுவதைக் காட்டி, இதெல்லாம் எவ்வளவு நிஜம் என்று கேட்கவைக்கிறார். நியாயமான சந்தேகம்தான். புத்தகத்தின் கடைசிக் காட்சியில் துப்பறியும் அதிகாரி ஆல்வின் டூயி கல்லறைத் தோட்டத்தில் கிளட்டரின் மகளுடைய தோழியைச் சந்திப்பார். அப்படியொரு சந்திப்பே நடக்கவில்லை என்று டூயி பின்னால் சொல்லிவிட்டார்.

இரண்டு படங்களும் சேர்ந்து கைவிட்ட ஆள் ஹிக்காக். அதே மேடையில், அதே நாளில் தொங்கியவன். மார்க் பெல்லக்ரினோ, லீ பேஸ் என்று நல்ல நடிகர்களைப் போட்டும் ஓரமாகவே நிறுத்திவைத்திருக்கிறார்கள். அவனிடம் கபோட்டிக்கு ஈர்ப்பு இல்லை, ஆகவே படங்களுக்கும் இல்லை. தாயின் குடி, சிதறிய குழந்தைப் பருவம் என்று தன் சாயல் எவனிடம் தெரிந்ததோ அவனைத்தான் கபோட்டி ஆழமாக எழுதினார். கிளட்டர் குடும்பத்துக்கும் இந்தப் படங்களில் இடம் சொற்பம். மில்லர் தொடக்கத்தில் அந்த மகளின் தோழியை வீட்டுக்குள் அனுப்பிப் பிணத்தைக் காட்டுகிறார், மற்றபடி அவர்கள் அதிகம் வருவதில்லை.

இரண்டையும் பார்ப்பதாக இருந்தால் ‘இன்ஃபேமஸ்’ படத்தை முதலில் பாருங்கள். அதில் கபோட்டியைப் பிடித்துப்போகும். பிடித்துப்போன பிறகு மற்றதைப் பார்ப்பது கஷ்டம், அந்தக் கஷ்டத்தோடு பார்ப்பதுதான் அந்தப் படத்துக்குச் சரி.