சுமைகாரர் பெயரில் ஒரு பீர்

பாலக்கோடு தக்காளி மண்டியில் பெட்டி தூக்குபவர் லோடுமேன். அதே வேலையை ரயில் நிலையத்தில் செய்தால் போர்ட்டர். 2016 ரயில்வே பட்ஜெட்டில் இவர்களை இனி ‘சகாயக்’ என்று அழைக்கச் சொன்னார்கள். நம்மூர் வாய் கேட்கவில்லை. லண்டனில் ஒரு கறுப்பு பீருக்குப் பெயர் கொடுத்தவரும் இதே போர்ட்டர்தான்.

லத்தீனில் ‘போர்த்தாரே’ என்றால் சுமத்தல். பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்குள் வந்தது. தேம்ஸ் துறைகளிலும் லண்டன் தெருக்களிலும் மூட்டை சுமந்தவர்கள் விரும்பிக் குடித்த பழுப்பு பீருக்கு, 1721-லேயே எழுத்தில் அவர்கள் பெயர் விழுந்துவிட்டது. ரால்ஃப் ஹார்வுட் என்பவர் 1722-ல் இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை இன்னும் உலவுகிறது. குழந்தை பிறக்குமுன் பெயர் சூட்டிய கணக்கு அது, நம்ப இடமில்லை.

போர்ட்டரோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு கறுப்பு பீர் ஸ்டவுட். அந்தப் பெயர் வந்த வழி வேறு. பழைய பிரெஞ்சில் அது செருக்கையும் துணிவையும் குறித்தது. ஆங்கிலத்தில் வலிமையைக் குறித்தது. உடல் பருமன் பிறகுதான் ஒட்டிக்கொண்டது. தமிழில் ‘மிடுக்கு’ அதற்குக் கிட்டத்தில் வரும். 1677-ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படி ஒன்றில் வலுவான பீருக்கு இந்தப் பெயர் இருக்கிறது. நிறத்தோடு அதற்குத் தொடர்பே இல்லை. வெளிர் நிற ஸ்டவுட்டும் ஒரு காலத்தில் விற்றது. ஸ்டவுட் போர்ட்டர் என்றால் மிடுக்கான போர்ட்டர், அவ்வளவே. நாளடைவில் பெயர் உதிர்ந்து அடைமொழி மட்டும் நின்றது. டப்ளின் கின்னஸ் ஆலை 1799-ல் ஏல் என்ற பீர் வகையைக் காய்ச்சுவதை நிறுத்திப் போர்ட்டரில் முழுதாக இறங்கியது. அதன் வலுவான போர்ட்டரே பின்னாளில் ‘எக்ஸ்ட்ரா ஸ்டவுட்’ ஆனது.

ராகி மால்ட் குடிக்கும் பாலக்கோட்டுக்காரருக்கு மால்ட் புதிதல்ல. பார்லியை நனைத்து, முளைக்கவிட்டு, உலர்த்தினால் பீருக்கான மால்ட். 1817-ல் டேனியல் வீலர் அதை உருளையில் போட்டுக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதன்பின் ஒரு பிடி கரிய மால்ட் போதும், பீர் கறுத்துவிடும்.

முளைக்காத பார்லியை வறுத்துப் போட்டால் ஸ்டவுட், காபிக் கசப்பு. மால்ட் மட்டும் என்றால் போர்ட்டர், சாக்லேட் சாயல் என்று இன்று பிரிக்கிறார்கள். சுவைப்பவருக்கு உதவும், வரலாற்றுக்கு ஒத்துவராது. மால்ட்டுக்கு வரி வசூலித்த பிரிட்டன், முளைக்காத தானியத்தைப் பீரில் சேர்க்க 1880 வரை விடவில்லை. இரண்டு பெயர்களும் அதற்கு வெகு முந்தியவை.

நம் பக்கம் போர்ட்டரைப் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேற்றியது கிழக்கிந்தியக் கம்பெனி, வெள்ளைச் சிப்பாய்களுக்காக. நீலகிரியில் 1857-லேயே பீர் ஆலை எழுந்தது. 1915-ல் தாமஸ் லீஷ்மன் தென்னிந்திய ஆலைகள் ஐந்தை இணைத்து யுனைடெட் புரூவரீஸைத் தொடங்கினார். போர்ட்டரில் முழுதாக இறங்கிய டப்ளின் கின்னஸோ 1970-களில் போர்ட்டரையே கைவிட்டது. இன்று அது குழாயில் ஊற்றித் தரும் ஸ்டவுட்டில் ஆல்கஹால் 4.2 விழுக்காடுதான், சாதாரண லாகர் பீரே அதைவிட வலு. இலங்கையின் நுவரெலியாவில் பிறந்த லயன் ஸ்டவுட் எட்டு விழுக்காட்டைத் தாண்டும். ‘வலுவான பீர்’ என்ற 1677-இன் பொருளுக்கு இலங்கைப் புட்டிதான் பொருத்தம்.