பதின்மூன்று கண் பாலம்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்குத் தென்காசிச் சீமையே சொந்த ஊர். நிக்காஹ் வைபவத்திற்கோ விடுமுறைக்கோ தாம்பரத்தில் கொல்லம் விரைவு ரயிலில் ஏறுவோர், கடையநல்லூரிலோ தென்காசியிலோ இறங்கிவிடுகின்றனர். அதே வண்டி செங்கோட்டையைத் தாண்டி மலையேறிக் கடந்து செல்லும் ஒரு கற்பாலத்தை அவர்களுள் பலர் கண்டிருக்கமாட்டார்கள்.

கேரள எல்லைக்குள், ஆரியங்காவுக்கும் தென்மலைக்கும் இடையே கழுதுருட்டியில் அப்பாலம் நிற்கிறது. சென்னை மாகாணத்தைக் கொல்லம் துறைமுகத்தோடு இணைக்க, திருவிதாங்கூர் அரசும் மாகாண அரசும் தென்னிந்திய ரயில்வே நிறுவனமும் கூடி அமைத்த மீட்டர் பாதை 1904இல் திறக்கப்பட்டது. அப்பாதைக்காகக் கருங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுப்பப்பட்ட இப்பாலத்தின் நீளம் சுமார் 100 மீட்டர், கண்கள் பதின்மூன்று.

கல்லை இழுத்தால் எளிதில் பிளக்கும், அழுத்தினால் தாங்கும். வளைவின் நுட்பம் இந்த இயல்பில்தான் அடங்கியுள்ளது. மேலிருந்து பாரம் அழுத்த அழுத்த, வளைவின் கற்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு, அப்பாரத்தைத் தூண்கள் வழியே நிலத்திற்கு இறக்குகின்றன.

2010இல் அகலப்பாதைப் பணிக்காக இந்த மலைப்பாதை மூடப்பட்டது. தண்டவாளங்களின் இடைவெளி 1,000 மில்லிமீட்டரிலிருந்து 1,676 மில்லிமீட்டராக விரிய வேண்டும். வரும் வண்டிகளின் எடையும் கூடும். பழைய பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது ஒரு வழி. பொறியாளர்கள் அவ்வழியை நாடவில்லை. தூண்களுக்குக் கான்கிரீட் உறையிட்டு வலுவூட்டி, அதே கண்களின் மேல் அகலப்பாதையை அமைத்தனர். 2018இல் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஏற்றம் கடுமையாதலால், வண்டியின் பின்புறமும் ஓர் என்ஜின் இணைக்கப்பட்டு உந்துகிறது. மீட்டர் பாதைக்கென எழுந்த பாலம் அத்தனையையும் சுமக்கிறது.

நம் மஹல்லாக்களுக்கு இதில் படிப்பினை உண்டு. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் முன்னோர் எழுப்பிய கற்பள்ளிகளில் இன்றும் தொழுகை நடைபெறுகிறது. வேறு பல ஊர்களிலோ, இடம் போதவில்லை என்று பழைய பள்ளிகள் இடிக்கப்பட்டுவிட்டன. ஜமாஅத் பெருகுவதும் இடம் தேவைப்படுவதும் உண்மையே. ஆயினும் முன்னோர் விட்டுச்சென்றவை நம் கையில் அமானிதம். ஆதலால், இடிக்கும் தீர்மானத்தில் கையொப்பமிடுமுன், பழையதை வலுவூட்டி அதனோடு புதியதை இணைக்க இயலுமா எனக் கற்கட்டடம் அறிந்த பொறியாளர் ஒருவரிடம் நிர்வாகிகள் கேட்டறிவது கடமையாகும்.