மாதிரி டீசல் இன்ஜினும் மீட்டர்கேஜ் வரலாறும்

அசல் ரயில் இன்ஜினை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கிச் செய்வது மாதிரி இன்ஜின் எனப்படும். விலைக்குக் கிடைக்கும் மாதிரிகள் பலவற்றில் பொதுவான உருவம் மட்டுமே இருக்கும். கைப்பிடிக் கம்பி, ஹாரன், பிரேக் குழாய், இன்ஜின் எண், லோகோ ஷெட்டின் பெயர் ஆகியவற்றை அசலில் உள்ளபடி சேர்க்கும்போதுதான் அது ஒரு குறிப்பிட்ட இன்ஜினின் மாதிரி ஆகிறது. பொழுதுபோக்காகத் தோன்றும் இவ்வேலை, கவனமாகச் செய்தால் வரலாற்றுப் பதிவாகவும் அமையும்.

படவேட்டை ஒட்டிய இருப்புப்பாதை

ரேணுகாம்பாள் கோயிலால் அறியப்படும் படவேடு, திருவண்ணாமலை மாவட்டத்தில் ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ளது. இவ்வட்டாரத்து மக்களுக்குக் கண்ணமங்கலம், ஆரணி சாலை, போளூர் ஆகியவை அருகிலுள்ள ரயில் நிலையங்கள். இவை விழுப்புரம் – காட்பாடி பாதையில் அமைந்தவை. நெடுங்காலம் மீட்டர்கேஜாக இருந்த இப்பாதை 2010 அளவில் அகலப்பாதையாக மாறியது. அதற்கு முன், நீராவி இன்ஜின்கள் ஓய்ந்த பிறகு, இங்கு ரயில்களை இழுத்தவை ஒய்.டி.எம்.-4 வகை டீசல் இன்ஜின்கள். இன்று பள்ளியில் படிக்கும் மாணவர்கள் அவற்றை இப்பாதையில் பார்த்திருக்க முடியாது. எனவே அவற்றின் உருவத்தைத் துல்லியமாகப் பதிவு செய்வது அவசியமாகிறது.

பெயரும் பிறப்பும்

'ஒய்' என்பது மீட்டர்கேஜையும், 'டி' டீசலையும், 'எம்' பயணிகள், சரக்கு ஆகிய இரு பணிகளையும் குறிக்கும். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்த இந்த இன்ஜின்கள் 1961 முதல் இந்தியாவுக்கு வந்தன. பின்னர் வாரணாசி டீசல் இன்ஜின் தொழிற்சாலையிலும் தயாராயின. ஆறு சிலிண்டர்கள், ஏறத்தாழ 1,400 குதிரைத்திறன், 72 டன் எடை. எடை ஆறு அச்சுகளுக்கும் பகிரப்பட்டதால், ஓர் அச்சின் மீது 12 டன் மட்டுமே விழுந்தது. இலகுவான மீட்டர்கேஜ் தண்டவாளங்களுக்கு இது ஏற்றதாக இருந்தது. ஆல்கோ 1969இல் ரயில் இன்ஜின் உற்பத்தியை நிறுத்திவிட்டது; ஆயினும் அதன் வடிவமைப்பு இந்தியாவில் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

அளவில் வரும் சிக்கல்

உலகில் பரவலாக உள்ள மாதிரி அளவு எச்.ஓ. எனப்படும் 1:87 ஆகும். இதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. இது 1,435 மி.மீ. அகலமுள்ள அயல்நாட்டுப் பாதைகளுக்காக வகுக்கப்பட்டது. நம் அகலப்பாதையின் 1,676 மி.மீ. அகலத்தை 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும். ஆகவே அகலப்பாதையில் ஓடிய டபிள்யூ.டி.எம்.-2 மாதிரியை 16.5 மி.மீ. பாதையில் நிறுத்தினால், சக்கரங்கள் உள்ளொடுங்கித் தெரியும். மீட்டர்கேஜுக்கு இச்சிக்கல் குறைவு. 1,000 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. ஆகும். விற்பனையில் உள்ள 12 மி.மீ. பாதை இதற்கு மிகவும் நெருங்கியது.

காலத்தைச் சொல்லும் உறுப்புகள்

பிரேக் குழாய்: வெற்றிட பிரேக்குக்குத் தடித்த குழாய் தொங்கும், காற்று பிரேக்குக்கு மெல்லிய குழாய்கள் இருக்கும். டபிள்யூ.டி.எம்.-2 இன்ஜின்கள் தொடக்கத்தில் வெற்றிட பிரேக் மட்டுமே கொண்டிருந்தன. பலவற்றில் பின்னாளில் காற்று பிரேக்கும் சேர்க்கப்பட்டது. 1960களின் இன்ஜின் என்று சொல்லி இருவகைக் குழாயையும் மாட்டினால் அது காலப் பிழை.

இணைப்பு: அகலப்பாதை இன்ஜினின் முகப்பில் இருபுறமும் பஃபர்கள் இருக்கும். மீட்டர்கேஜ் இன்ஜினில் நடுவில் ஒன்றுதான். ஒய்.டி.எம்.-4 மாதிரியில் இரண்டு பஃபர்கள் வைப்பது பெரும்பிழை.

கைப்பிடிக் கம்பி: அசலில் 30 மி.மீ. தடிமன் எனக் கொண்டால், மாதிரியில் 0.34 மி.மீ. வரும். வார்ப்பிலேயே வரும் தடித்த கோடுகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிய பித்தளைக் கம்பியைப் பொருத்த வேண்டும்.

புகைக்கறை: ஆல்கோ இன்ஜின்கள் வேகமெடுக்கும்போது கரும்புகை கக்கும். எரிபொருள் கூடும் வேகத்துக்கு டர்போசார்ஜர் உடனே காற்றைத் தர முடியாததே காரணம். ஆகவே கறையை உடல் முழுதும் பூசாமல், புகைபோக்கியைச் சுற்றியும் மேற்கூரையிலும் மட்டும் பூசுவது பொருந்தும்.

எண்ணும் ஷெட்டும்: எண்ணும் ஷெட்டின் பெயரும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். இன்ஜின்கள் ஷெட் மாறுவதும் உண்டு. எனவே பொன்மலை என்று எழுதும் முன், அந்த எண் அந்த ஆண்டில் அங்கே இருந்ததா எனப் பார்க்க வேண்டும்.

மாணவர்கள் செய்யக்கூடியது

முதலில் ஓர் எண்ணையும் ஓர் ஆண்டையும் முடிவு செய்க. பிறகு அந்த ஆண்டின் நிழற்படங்களைத் தேடுக. இன்ஜினின் இரு பக்கங்களும் ஒன்றுபோல் இரா. எனவே ஒரே படத்தை நம்பலாகாது. குன்னூர் – உதகை மலைப்பாதையில் ஒய்.டி.எம்.-4 இன்ஜின்களை நேரில் காணலாம். ஆனால் அவற்றின் இன்றைய வண்ணமும் உறுப்புகளும் நம் பாதையில் ஓடியவற்றுக்கு அப்படியே பொருந்தும் என எண்ணிவிடக் கூடாது.

ஆரணி, போளூர்ப் பகுதியில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்க. வீட்டுப் பழைய ஆல்பங்களில் நிலையத்தில் எடுத்த படம் ஒன்று இருந்தால், பின்னணியில் நிற்கும் இன்ஜினையும் உற்றுப் பாருங்கள். அதில் தெரியும் ஒரு குழாய்கூட மாதிரி செய்பவருக்குச் சான்றாகும்.