மாற்றும் முத்திரையும்: திருச்சி வட்டாரத்தில் காசு நோட்டம்

சங்க காலத்தில் பொன்னின் மாற்றையும் காசின் தரத்தையும் சோதித்துச் சொன்னவர் வண்ணக்கன் எனப்பட்டார். புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழான், வடமவண்ணக்கன் தாமோதரனார் என அத்தொழிலைப் பெயரிலேயே தாங்கிய புலவர்கள் இருந்தனர். உறையூரில் இளம்பொன் வாணிகனார் வாழ்ந்தார். இவர்களின் முதன்மையான கருவி உரைகல். தாய்லாந்தின் கிளாங் தோம் என்னும் பழைய துறைமுகப் பகுதியில் கிடைத்த உரைகல் ஒன்றில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ்ப் பிராமியில் பொறித்திருக்கிறது. கடல் கடந்து போன தமிழ்ப் பொற்கொல்லன் தன் கல்லையும் கையோடு கொண்டுபோயிருக்கிறான்.

உரைகல் மேற்பரப்பின் மாற்றை மட்டுமே காட்டும். உள்ளே செம்பு இருந்து மேலே பொன் பூசியிருந்தால் கல் ஏமாந்துவிடும். 1898-இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது உளியால் வெட்டிய தழும்பு உள்ளது. காசாகப் புழங்காமல் வெறும் பொன்னாக மதிக்கப்படுவதற்கான அடையாளம் அது என்பார் சிலர். உள்ளும் பொன்தானா என்று பார்த்த வெட்டு என்பார் சிலர். எப்படியாயினும், வெட்டுவாய் காட்டுவது கலப்பில்லாத பொன்னையே.

சோழர் காலத்தில் மாற்றுக்கு அரசு அளவுகோலாகத் ‘தண்டவாணி’ இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் பொன்னை நிறுத்த எடைக்கல்லின் பெயர் ‘ஆடவல்லான்’. மட்டமான காசை வாங்குவோர் வட்டம் பிடித்தனர். அந்தக் கழிவுக்கு ‘வாசி’ என்று பெயர். கல்வெட்டுகள் ‘அன்றாடு நற்காசு’ என்று அழுத்திச் சொல்வது அதனால்தான். கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள சமயபுரம் அக்காலத்தில் கண்ணனூர். 13-ஆம் நூற்றாண்டில் போசளரின் தென்தலைநகர். அதைக் கைப்பற்றிய சடையவர்மன் சுந்தரபாண்டியன் திருவரங்கம் கோயிலுக்குப் பொன் வேய்ந்தான். அடுத்த நூற்றாண்டில் கண்ணனூரில் மதுரை சுல்தான்களின் படை தங்கியது. இப்படிக் கைமாறிய ஊரில் ஒவ்வோர் ஆட்சியின் காசையும் நோட்டம் பார்க்காமல் வாங்க யார் துணிவார்?

அன்றைய கேள்வி உலோகம் நல்லதா என்பது. இன்றைய கேள்வி காசு பழையதா என்பது. அசல் பொன்னிலும் போலிப் பழங்காசு செய்யலாம். ஆகவே இப்போது எடையே முதற்சான்று. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் குழி தோண்டியபோது 505 பொற்காசுகள் கிடைத்தன. மொத்த எடை 1.716 கிலோ. சராசரி ஏறத்தாழ 3.4 கிராம், இது வராகன் என்னும் பொற்காசின் எடை. அச்சில் வார்த்த போலி இந்தக் கணக்கில் அடிக்கடி தவறும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அளவும் சற்றுக் குறையும்.

அடுத்தது முத்திரை. சுத்தியால் அடித்த காசில் எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். ஓரம் சில இடங்களில் வெடித்திருக்கும். வார்த்ததில் நுண்குழிகளும், அராவி மறைத்த ஓரக் கோடும் உருப்பெருக்கியில் தெரியும். கையால் அடித்த இரண்டு காசுகள் அச்சு அசலாக ஒன்றுபோல் அமைவதில்லை; அடித்த பின் விழுந்த ஒரே கீறல் இரண்டிலும் இருந்தால் ஒன்றாவது போலி. ஆனால் ஒத்த வடிவமெல்லாம் மோசடி அல்ல. ராஜராஜன் செப்புக்காசின் உருவத்தைப் பின்னாளில் சிங்கள மன்னர்கள் பின்பற்றித் தம் பெயரில் அடித்தார்கள், அவையும் மெய்க்காசுகளே.

எக்ஸ் கதிர் ஒளிர்வுச் சோதனை காசைச் சிதைக்காமல் உலோகக் கலவையைச் சொல்கிறது. ஆனால் உரைகல்லைப் போலவே அதுவும் மேற்பரப்போடு நின்றுவிடும் என்பதை மறக்கக்கூடாது. செப்புக்காசில் களிம்பும் பெரிய சாட்சி: மண்ணில் நூற்றாண்டுகள் கிடந்து ஏறிய பச்சை உலோகத்தோடு இறுகியிருக்கும், அமிலம் தடவி வரவழைத்தது உதிரும். கிடைத்த காசைப் புளி போட்டுத் துலக்கினால் அந்தச் சாட்சி அழிந்துபோகும். ஆகவே மண்ணிலிருந்து காசு எடுப்பவர்கள் அதைத் துலக்காமல், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.