ஊதுலைக் காற்று

"சின்ன காருக்கு எந்த சூப்பர்சார்ஜர்டா போடலாம்?" என்று நண்பன் கேட்டதும் நான் 1860க்குப் போய்விட்டேன். அமெரிக்காவின் இண்டியானாவில் ரூட்ஸ் சகோதரர்கள் காற்றூதிக்குக் காப்புரிமை வாங்கிய ஆண்டு. அப்போது பெட்ரோல் காரே கிடையாது. இரும்பு உலைக்குத்தான் அது காற்றைத் தள்ளியது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று அளந்து தள்ளும் குணம் இன்னும் போகவில்லை. அதனால்தான் மிதித்தவுடனே வண்டி இழுக்கும். மையவிலக்கு வகையில் அழுத்தம் சுழல்வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறும். நெடுஞ்சாலைக்கு ஓகே, கோலாலம்பூர் ஜாமுக்கு வீண்.

ரூட்ஸின் குறை சூடு. 1930களில் சுவீடனின் லிஸ்ஹோல்ம் உருவாக்கிய இரட்டைத் திருகு காற்றை உள்ளேயே அமுக்குவதால் சூடு குறைவு, விலைதான் கடி.

1980களில் டொயோட்டா தன் 4ஏ-ஜிஇ எஞ்சினில் ரூட்ஸ் வகையைப் பொருத்தியபோது அமுக்க விகிதத்தை 8க்கு இறக்கியது, பிஸ்டன்களையும் பலப்படுத்தியது. கிட் வாங்கிப் பூட்டும் நம்மாட்கள் இந்தப் பாதியைக் கண்டுகொள்வதே இல்லை. உயர்ந்த விகிதமும் சூடான காற்றும் சேர்ந்தால் நாக்கிங், பிஸ்டன் உடையும்.

நண்பனின் எஞ்சின் 10.5. "பூஸ்ட் 6 பிஎஸ்ஐ தாண்ட வேணாம். இன்டர்கூலருக்குத் தனியா காசு எடுத்து வை" என்றேன்.