ஆர்கேட் கேபினெட்டுக்குள்ள கம்ப்யூட்டர் இருக்கு... ஆன் பட்டனை எங்கே வைக்கலாம்?

பிளைவுட் அறுத்தாச்சு, ஜாய்ஸ்டிக் பொருத்தியாச்சு, பக்கவாட்டில் 'பேக்-மேன்' ஸ்டிக்கரும் ஒட்டியாச்சு. வீட்டிலேயே ஆர்கேட் கேபினெட் செய்யும் பலருக்கு, பின்கதவை ஸ்க்ரூ போட்டு மூடிய பிறகுதான் அந்தக் கேள்வி வரும். உள்ளே இருக்கிற கம்ப்யூட்டரை எப்படி ஆன் பண்றது?

1980-ல் வந்த ஒரிஜினல் 'பேக்-மேன்' மெஷினுக்கு இந்தப் பிரச்னையே இல்லை. ஸ்விட்சைப் போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். கேம் ரோம் சிப்பில் இருந்ததால், திடீரென கரன்ட் போனாலும் அது அழியாது. உங்கள் கேபினெட்டில் இருப்பது விண்டோஸோ லினக்ஸோ ஓடும் கம்ப்யூட்டர். அது டிஸ்க்கில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட்டை நிறுத்தினால் ஃபைல்கள் கெடலாம், மறுநாள் பூட் ஆகாமலும் போகலாம். அதனால், ஆன் பண்ற வழியோடு ஆஃப் பண்ற வழியையும் சேர்த்தே யோசிங்க.

வழி 1: ஆர்கேட் பட்டனே பவர் பட்டன்

கம்ப்யூட்டரின் பவர் பட்டன் வழியாக 230 வோல்ட் போவதில்லை. அழுத்தும்போது மதர்போர்டில் உள்ள இரண்டு சின்ன பின்களை அது ஒரு நொடி இணைக்கிறது, அவ்ளோதான். அங்கே இருப்பது 5 வோல்ட் அல்லது அதற்கும் குறைவு. எனவே, அந்த இரண்டு வயர்களை நீட்டி எந்த ஆர்கேட் பட்டனிலும் இணைக்கலாம்.

முதலில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மதர்போர்டு மேனுவலில் 'பவர் ஸ்விட்ச்' பின்கள் எவை என்று பாருங்கள். பட்டனுக்கு அடியில் உள்ள மைக்ரோ ஸ்விட்சில் மூன்று டெர்மினல் இருந்தால் 'காமன்', 'நார்மலி ஓப்பன்' என்ற இரண்டில் மட்டும் வயரை மாட்டுங்கள். எந்த வயர் எதில் என்பது முக்கியமில்லை, மாற்றி மாட்டினாலும் வேலை செய்யும். லைட் எரியும் பட்டன் என்றால், லைட்டுக்கான டெர்மினல்களை இந்தப் பின்களில் இணைக்கக் கூடாது.

அழுத்தினால் அப்படியே நிற்கும் வகை பட்டன் இதற்கு வேண்டாம். பவர் பட்டனைத் தொடர்ந்து அழுத்தியபடி வைத்திருந்தால், சில நொடிகளில் கம்ப்யூட்டர் வலுக்கட்டாயமாக ஆஃப் ஆகிவிடும். கையை எடுத்ததும் மேலே எழும்பி வரும் பட்டன்தான் சரி.

இடம் ரொம்ப முக்கியம். கேம் பட்டன்களுக்குப் பக்கத்தில் வைத்தால், ஃபைனல் ரவுண்டில் யாராவது தட்டிவிடுவார்கள். கேபினெட்டின் மேல்பகுதியோ கன்ட்ரோல் பேனலின் அடிப்பகுதியோ பாதுகாப்பானது. விண்டோஸ் பவர் செட்டிங்கில் 'பவர் பட்டனை அழுத்தினால் ஷட் டவுன்' என்று மாற்றிவிட்டால், ஆன், ஆஃப் இரண்டுக்கும் ஒரே பட்டன் போதும்.

வழி 2: ஸ்விட்ச்போர்டில் போட்டதும் ஆன்

பயாஸுக்குள் போனால், கரன்ட் போய்த் திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்ற செட்டிங் பெரும்பாலான போர்டுகளில் இருக்கும். பெயர் கம்பெனிக்கு கம்பெனி மாறும். அதில் 'பவர் ஆன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'லாஸ்ட் ஸ்டேட்' வேண்டாம். அதை வைத்தால், முறையாக ஷட் டவுன் செய்த கம்ப்யூட்டர் ஸ்விட்சைப் போட்டாலும் ஆஃப் நிலையிலேயே இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆன் பண்ணத்தான் ஸ்விட்ச், ஆஃப் பண்ண மெனுவில் ஷட் டவுன் கொடுத்து, அது முடிந்த பிறகே ஸ்விட்சை அணைக்க வேண்டும். இன்னொன்று, பகலில் கரன்ட் போய் வந்தால் யாரும் இல்லாத வீட்டில் கேபினெட் தானாக ஓட ஆரம்பிக்கும்.

ராஸ்பெரி பை வைத்திருக்கிறீர்களா?

ராஸ்பெரி பை 5-ல் பவர் பட்டன் உண்டு. பை 4-ல் கிடையாது. அதில் 5, 6-வது பின்களுக்கு நடுவே ஒரு பட்டனை இணைத்து, கான்ஃபிக் ஃபைலில் ஷட் டவுனுக்கான ஒரு வரியைச் சேர்த்தால், அதே பட்டன் அணைக்கவும் எழுப்பவும் செய்யும். மெமரி கார்டில் ஓடும் பை-யில் திடீரென கரன்ட்டைப் பிடுங்குவது ரிஸ்க். சேர்த்து வைத்த கேம் லிஸ்ட், ஹை ஸ்கோர் எல்லாம் போகலாம்.

மானிட்டர், லைட், சவுண்ட்?

பெரும்பாலான எல்.சி.டி மானிட்டர்கள் சிக்னல் வந்ததும் தானாக விழிக்கும். மேலே பெயர்ப்பலகைக்கு 12 வோல்ட் எல்.இ.டி ஸ்ட்ரிப் போட்டிருந்தால், கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் மஞ்சள், கறுப்பு வயர்களில் இருந்து அதற்கு கரன்ட் எடுக்கலாம். கம்ப்யூட்டரோடு சேர்ந்தே எரியும், அணையும்.

இதில் மட்டும் விளையாட வேண்டாம்

- கேபினெட்டுக்குள் எர்த் உள்ள மூன்று பின் ஸ்பைக் பஸ்டரை ஸ்க்ரூ போட்டுப் பொருத்துங்கள். 230 வோல்ட் வயரை வெட்டி ஸ்விட்ச் வைக்கும் வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

- பழைய சி.ஆர்.டி டி.வி வைத்திருந்தால் அதன் பின்பக்கத்தைத் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

- மூடிய மரப்பெட்டிக்குள் சூடு ஏறும். கீழே காற்று உள்ளே வர ஒரு துளை, மேலே வெளியே தள்ள ஒரு ஃபேன் அவசியம்.

கடைசியாக, பின்கதவை மூடும் முன் ஒரு டெஸ்ட். கேபினெட்டைத் தொட்டே பார்க்காத ஒருவரைக் கூப்பிட்டு, ஆன் பண்ணி, ஒரு கேம் ஆடி, ஆஃப் பண்ணச் சொல்லுங்கள். நடுவில் கீபோர்டு கேட்டாலோ, நேராக பிளக்கைப் பிடுங்கப் போனாலோ, உங்களுக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கு!